பாடநூல் வானமும் நம் வானமும்

வளிமண்டலத்தை ஐந்து பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் அந்தப் படத்தைப் பார்க்காமல் பள்ளியைக் கடந்தவர்கள் குறைவு. அடியில் இருக்கும் கீழடுக்கில் மேகமும் மழையும். அதற்கு மேலே மீள் அடுக்கில் ஒரு ஜெட் விமானம். இடையடுக்கில் எரிந்து விழும் விண்கல், வெப்ப அடுக்கில் துருவ ஒளி, எல்லாவற்றுக்கும் உச்சியில் வெளியடுக்கில் இறக்கை விரித்த ஒரு செயற்கைக்கோள். நாடு முழுவதும் பல ஆண்டுகள் படிக்கப்பட்ட என்.சி.இ.ஆர்.டி. ஏழாம் வகுப்புப் புத்தகம், மேகமும் வானிலைக் குழப்பமும் அநேகமாக இல்லாததால் விமானம் பறக்க மீள் அடுக்கே மிக ஏற்ற இடம் என்ற கருத்தைச் சொன்னது. ஜெட் விமானங்கள் பறக்கும் அடுக்கு எது என்று போட்டித் தேர்வில் கேட்டாலும் எதிர்பார்க்கப்படும் விடை அதுதான்.

சிறுவர்களுக்கான படத்தை இவ்வளவு கண்டிப்பாக எடைபோட வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும் என்றே நினைக்கிறேன். வளிமண்டலத்தைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் கடைசியாகப் படித்தது இந்தப் படத்தைத்தான். விமானம் குலுங்கிப் பயணிகள் காயமடைந்த செய்தியையும், செயற்கைக்கோள் கீழே விழுந்த செய்தியையும் இதை மனத்தில் வைத்துக்கொண்டே வாசிக்கிறோம். எனவே இரண்டு கேள்விகளைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். படம் சொல்வது, அதைப் படிக்கும் பிள்ளையின் தலைக்கு நேர் மேலே உண்மையா? விமானமும் செயற்கைக்கோளும் அங்கே இருப்பதற்கு அது சொல்லும் காரணம் சரியா?

முதலில் படம் எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். பாரிஸுக்கு அருகே டிராப் என்ற இடத்தில் சொந்தமாக ஓர் ஆய்வகம் அமைத்திருந்த லியோன் தெய்ஸ்ரான் த போர், வெப்பமானிகளைக் கட்டிய ஆளில்லா பலூன்களை ஆண்டுக்கணக்கில் மேலே அனுப்பினார். உயரே போகப் போகக் குளிர் கூடிக்கொண்டே போகும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. அவருடைய பலூன்களோ சுமார் 11 கி.மீ. உயரத்தில் குளிர் கூடுவது நின்றுவிடுவதாகக் காட்டின. வெயில் பட்டுக் கருவி சூடாகி ஏமாற்றுகிறதோ என்று இரவிலும் பலூன் விட்டார். இருநூறுக்கும் மேற்பட்ட பலூன்களின் பதிவுகளைச் சேர்த்துக்கொண்டு 1902-இல் முடிவை அறிவித்தார். அதே ஆண்டில் ஜெர்மனியின் ரிச்சர்ட் அஸ்மானும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். ட்ரோபோஸ்பியர், ஸ்ட்ரேட்டோஸ்பியர் என்ற பெயர்கள் தெய்ஸ்ரான் த போர் வைத்தவை.

அறிவியல் வரலாற்றில் இது அழகான வேலை, ஐயமில்லை. ஆனால் இரண்டு பேரும் அளந்தது ஐரோப்பாவின் வானம். பின்னாளில் விமானத் துறைக்காக உலகம் முழுவதற்கும் வகுத்த திட்ட வளிமண்டலமும் அந்த நடு அகலாங்குகளையே மாதிரியாகக் கொண்டது: கடல் மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ், கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறைவு, 11 கி.மீ. உயரத்தில் மைனஸ் 56.5 டிகிரி, அங்கே கீழடுக்கு முடிவு. கடல் மட்டத்தில் 15 டிகிரி என்பதைச் சென்னைக்காரரிடமோ யாழ்ப்பாணத்துக்காரரிடமோ சொன்னால், இது எங்கள் ஊர்க் கணக்கில்லை என்று உடனே சொல்லிவிடுவார். கீழே பொருந்தாத கணக்கு மேலேயும் பொருந்துவதில்லை.

நிலநடுக்கோட்டுப் பகுதிகளில் கடலும் நிலமும் காற்றைக் கடுமையாகச் சூடாக்குகின்றன. ஈரத்தைச் சுமந்து எழும் அந்தக் காற்று, ஈரம் நீர்த்துளியாகக் குளிரும்போது வெளியாகும் வெப்பத்தால் இன்னும் மேலே தள்ளப்படுகிறது. இதனால் கீழடுக்கின் கூரை இங்கே 16, 17 கி.மீ. உயரத்துக்குப் போய்விடுகிறது. துருவப் பகுதிகளில் அதே கூரை 8, 9 கி.மீ. அளவுக்குத் தணிந்திருக்கிறது. சென்னையிலிருந்து வடமேற்கே, திருப்பதிக்குப் பக்கத்தில் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்குள்ள பெரிய ரேடாரும் பலூன்களும் பல்லாண்டுகளாக அளந்து சொல்வதும் இதையே: நம் பகுதியில் கூரை 16 கி.மீ.க்கு மேலே, அங்கே குளிர் மைனஸ் 80 டிகிரியை ஒட்டியது. பாரிஸின் கூரையைவிட நம் கூரை ஐந்து கி.மீ. உயரம், இருபது டிகிரிக்கும் மேல் குளிர்ச்சி.

இனி விமானத்தின் கணக்கு. பயணிகள் ஜெட் விமானங்கள் பெரும்பாலும் 31,000 முதல் 41,000 அடி வரை பறக்கின்றன, அதாவது ஏறத்தாழ 9.5 முதல் 12.5 கி.மீ. வரை. இன்று பெருவாரியாகப் பறக்கும் போயிங் 737-800 ரகத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச உயரம் 41,000 அடி. ஏர்பஸ் ஏ380-க்கு 43,000 அடி, அதாவது 13.1 கி.மீ. சென்னை-சிங்கப்பூர், கொழும்பு-சென்னை, மதுரை-துபாய், எந்தத் தடமாக இருந்தாலும் விமானம் தன் உச்ச வரம்பைத் தொட்டாலும்கூட மீள் அடுக்கின் அடிவாசலுக்கு மூன்று கி.மீ. கீழேதான் நிற்கும். நம் பிள்ளை அண்ணாந்து பார்க்கும் விமானம் மீள் அடுக்கில் இல்லை. இந்தத் தடங்களில் அது என்றும் அங்கே போவதும் இல்லை.

இதற்கு வேறொரு சான்றும் உண்டு. தெற்காசியப் பருவமழைக்கு மேலே உள்ள கூரையையும் அதைத் தாண்டிய காற்றையும் நேரில் அளக்க 2017 ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் காத்மண்டுவில் முகாமிட்டார்கள். அதற்கு அவர்கள் கொண்டுவந்தது எம்-55 ஜியோபிசிகா என்ற ரஷ்யத் தயாரிப்பு விமானம். 20 கி.மீ.க்கு மேல் ஏறக்கூடிய, விமானி அழுத்த உடை அணிந்து ஓட்டும் தனி ரகம். மீள் அடுக்கு விமானங்களின் வழக்கமான சாலை என்றால் காத்மண்டுவில் இறங்கும் ஏதேனும் ஒரு பயணிகள் விமானத்தில் கருவியைப் பொருத்தினால் போதுமாயிருந்திருக்கும். ஹைதராபாத்தில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் நடத்தும் பலூன் தளத்தின் அனுபவமும் இதையே சொல்கிறது. குளிர்நாடுகளில் சிக்கலின்றி ஏறும் பாலித்தீன் பலூன்கள் நம் கூரையின் கடுங்குளிரில் விறைத்துக் கிழிந்துவிடும் என்பதால், அதைத் தாங்கும் தாளை அவர்கள் இங்கேயே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பாடப்படத்தை நம்பிப் பலூன் விட்டிருந்தால் ஒன்றும் மேலே போய்ச் சேர்ந்திருக்காது.

இது வெறும் எண் பிழையாக இருந்தால் திருத்திவிட்டு நகரலாம். படம் அதோடு ஒரு காரணத்தையும் சேர்த்துத் தருகிறது: மீள் அடுக்கில் மேகமும் புயலும் இல்லை, அமைதி, ஆகவே விமானம் அங்கே பறக்கிறது. நம் வானத்தில் இந்தக் காரணம் மிக மோசமாகத் தோற்றுப்போகிறது. வெப்பமண்டல இடிமேகங்களின் முடி 15 கி.மீ.க்கும் மேலே போகும், சில நேரம் கூரையையே முட்டித் தாண்டும். விமானம் அவற்றின் மேலே ஏறித் தப்ப முடியாது. ரேடாரில் பார்த்துச் சுற்றிக்கொண்டு போவதுதான் வழி.

2009 ஜூன் 1-ஆம் தேதி ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, இடிமேகங்கள் வரிசைகட்டி நிற்கும் பகுதியில் 35,000 அடி உயரத்தில் அது பறந்துகொண்டிருந்தது. பனிப்படிகங்கள் வேகமானிக் குழாய்களை அடைத்தன, தானியங்கிக் கட்டுப்பாடு விலகிக்கொண்டது, அதற்குப் பிறகு விமானிகளால் விமானத்தைச் சரியான நிலையில் வைத்திருக்க முடியவில்லை. விபத்தின் முதன்மைக் காரணங்களாக விசாரணை அறிக்கை பேசுவது விமானிகளின் கையாளலையும் பயிற்சியையும் கருவியையும்தான். நான் இங்கே சுட்டுவது அதற்கு முந்தைய ஒரு சிறு விவரம். வெளிக்காற்று திட்ட அளவைவிடச் சூடாக இருந்ததால் இன்னும் உயரே ஏற இடமில்லை என்று விமானி அறையில் பேச்சு நடந்தது குரல்பதிவில் இருக்கிறது. வெப்பமண்டலத்தில் பத்து, பதினொன்று கி.மீ. உயரத்தில் காற்று ஐரோப்பியக் கணக்கைவிடச் சூடானது, ஆகவே அடர்த்தி குறைந்தது, ஆகவே விமானத்தின் ஏறுதிறனும் குறைகிறது. எங்கே மேகம் மிக உயரமோ அங்கேதான் விமானம் ஏறக்கூடிய உயரமும் சுருங்குகிறது.

2024 மே 21-இல் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 321, மியான்மரின் ஐராவதி ஆற்றுப் படுகைக்கு மேலே 37,000 அடியில் கடுமையாகக் குலுங்கியது. ஒரு பயணி இறந்தார், பலர் முதுகெலும்பிலும் தலையிலும் காயமடைந்தார்கள், விமானம் பாங்காக்கில் இறங்கியது. நம் மக்கள் அடிக்கடி பயணிக்கும் வான்வெளி அது. மீள் அடுக்கின் அமைதியில் மிதந்துகொண்டிருக்கிறோம் என்று பாடத்தை நம்பி இருக்கைப் பட்டையைக் கழற்றிவிட்டு உட்காரும் பயணிக்கு, இடிமேகங்கள் வளரும் அதே அடுக்கில்தான் இருக்கிறோம் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாக வைத்துப் பார்க்க வேண்டும். உயர் அகலாங்குகளில் படம் பெருமளவு சரி. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கையோ அலாஸ்காவையோ கடக்கும் விமானத்துக்கு 9 கி.மீ.யிலேயே கூரை கீழே போய்விடுகிறது. அதற்கு மறுக்க முடியாத சான்று ஓசோன். 1970களின் பிற்பகுதியில், வடக்கு வழியாக நெடுந்தூரம் பறந்த விமானங்களில் பயணிகளுக்கும் ஊழியர்களுக்கும் இருமலும் மார்வலியும் கண் எரிச்சலும் வந்தன. வெளியே இருந்து உறிஞ்சிய காற்றில் மீள் அடுக்கின் ஓசோன் கலந்து வந்ததுதான் காரணம். 1980-இல் அமெரிக்க விமானத் துறை விமானத்துக்குள் இருக்கக்கூடிய ஓசோனுக்கு வரம்பு விதித்தது. ஓசோனைச் சிதைக்கும் வினையூக்கிக் கருவிகள் விமானங்களில் வந்தன. 1994 முதல் சில ஏர்பஸ் ஏ340 பயணிகள் விமானங்களில் கருவி பொருத்தி ஓசோனை அளந்த ஐரோப்பியத் திட்டமும், வடக்கு வழிகளில் விமானங்கள் மீள் அடுக்கின் அடிப்பகுதிக்குள் அடிக்கடி நுழைவதைப் பதிவு செய்தது. ஆகவே படத்தைப் பொய் என்று தள்ள முடியாது. லண்டன் பிள்ளைக்குப் பாதி உண்மை. நம் பிள்ளைக்கு உண்மையே இல்லை.

அங்கேயும் காரணம் மட்டும் தவறு. விமானம் அந்த உயரத்தைத் தேடிப் போவது அமைதிக்காக அல்ல. 12 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் நான்கில் ஒரு பங்கு. எதிர்க்கும் காற்று குறைந்தால் அதே எரிபொருளில் அதிக தூரம் போகலாம். எஞ்சினுக்குள் நுழையும் காற்று குளிராக இருந்தால் எஞ்சினின் திறன் கூடுகிறது. இன்னும் மேலே போக விடாமல் தடுப்பதும் அதே அடர்த்திதான். மெலிந்த காற்றில் இறக்கை தாங்க வேண்டுமானால் வேகம் கூட வேண்டும், வேகமோ ஒலியின் வேகத்தை நெருங்கி முட்டுகிறது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே கிடைக்கும் இடம்தான் விமானத்தின் உயரம். எரிபொருள் எரிந்து எடை குறையக் குறைய அது படிப்படியாக மேலே ஏறிக்கொள்வதும் இதனால்தான். கூரை இருக்கும் இடத்தை விமானி தேடிப் போவதே இல்லை. சொல்லப்போனால் கூரையை ஒட்டித்தான் ஜெட் காற்றோட்டங்கள் ஓடுகின்றன, மேகமே இல்லாத தெளிவான வானில் விமானத்தைக் குலுக்கும் கொந்தளிப்பும் அவற்றின் ஓரங்களில்தான் பிறக்கிறது. கூரையை வெகுவாகத் தாண்டி, மீள் அடுக்குக்குள் நிலையாகப் பறந்த பயணிகள் விமானம் என்றால் 60,000 அடி வரை ஏறிய கான்கார்டைத்தான் பெரிதாகச் சொல்ல முடியும். 1976 முதல் 2003 வரை பயணிகளைச் சுமந்த அது நின்ற பிறகு அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

எந்த அடுக்கில் பறக்கிறது என்பது தேர்வு மதிப்பெண்ணோடு முடியும் விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம். எஞ்சின் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் கீழடுக்கில் ஓசோனைக் கூட்டுகின்றன, மீள் அடுக்கின் உயரங்களில் அழிக்கின்றன. 1970-இல் பால் குருட்சனும் 1971-இல் ஹரால்ட் ஜான்ஸ்டனும் இந்த வேதியியலை எடுத்து வைத்தபோது, மீயொலி விமானங்களைப் பெருக்குவதற்கு எதிரான முக்கியமான வாதமாக அது ஆயிற்று. ஒரே புகை, வெளியாகும் உயரத்தைப் பொறுத்து வேறு விளைவு. இவ்வளவு நுட்பமான எல்லையை ஒரு நேர்க்கோடாக, உலகம் முழுவதற்கும் ஒரே உயரத்தில் வரைந்துவிட முடியாது.

செயற்கைக்கோள் பக்கம் வருவோம். வெளியடுக்கில் செயற்கைக்கோள்கள் என்ற வரி, மேலோட்டமாகப் பார்த்தால் விமான வரியைவிடப் பத்திரமானதாகத் தெரியும். ஆனால் மனிதர்கள் வாழும் பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில், வெப்ப அடுக்கின் நடுவே சுற்றுகிறது. ஐரோப்பாவின் கோசே செயற்கைக்கோள் 2009 முதல் 2013 வரை 255 கி.மீ. உயரத்தில் பறந்தது. காற்று எதிர்த்ததால் அதன் உடலை அம்புபோல் ஒடுக்கமாகச் செய்து, வால் துடுப்புகள் வைத்து, அயனி எஞ்சினால் இடைவிடாமல் தள்ள வேண்டியிருந்தது. ஜப்பானின் சுபாமே 2019-இல் 167.4 கி.மீ. வரை இறங்கியும் சுற்றிக் காட்டியது. இவை எதுவும் வெளியடுக்கில் இல்லை.

சரி, அப்படியானால் வெளியடுக்கு எங்கே தொடங்குகிறது? இங்கேதான் படத்தின் நேர்க்கோடு முழுவதுமாக உடைகிறது. அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் எறிந்த கல்லின் பாதையில் தன்னந்தனியே போகும் உயரம்தான் வெளியடுக்கின் தொடக்கம். அந்த உயரம் சூரியனைப் பொறுத்து ஏறக்குறைய 500 கி.மீ.யிலிருந்து 1,000 கி.மீ. வரை மாறிக்கொண்டே இருக்கிறது. சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் வெப்ப அடுக்கு சூடேறி உப்புகிறது, அடங்கிய ஆண்டுகளில் சுருங்குகிறது. 550 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஒரு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள், தான் இருக்கும் இடத்தை விட்டு நகராமலே ஓர் ஆண்டில் வெளியடுக்கிலும் இன்னோர் ஆண்டில் வெப்ப அடுக்கிலும் இருக்க முடியும்.

இது காகிதத்தில் போடும் கணக்கு மட்டுமல்ல, இரும்பையும் பணத்தையும் விழுங்கிய உண்மை. 1973-இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் ஸ்கைலாப், திட்டமிட்டதைவிட முன்னதாகவே 1979 ஜூலை 11-இல் விழுந்தது. சூரியன் எதிர்பார்த்ததைவிடச் சுறுசுறுப்பாக இருந்து வளிமண்டலத்தை உப்பச் செய்ததால் இழுவை கூடிவிட்டது. எங்கே விழுமோ என்று நம் நாட்டிலும் ஊருக்கு ஊர் பேசிப் பயந்தார்கள். கடைசியில் துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் போய் விழுந்தன. 2022 பிப்ரவரி 3-இல் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 210 கி.மீ. உயரத்தில் விடப்பட்ட நேரம் ஒரு காந்தப் புயல் வந்தது. அதுவும் மிதமான புயல்தான். அடர்ந்த காற்றை மீறி மேலே ஏற முடியாமல் 38 எரிந்து போயின. இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆர்யபட்டா 1975 ஏப்ரலில் ஏறக்குறைய 560 கி.மீ.க்கும் 620 கி.மீ.க்கும் இடைப்பட்ட உயரத்தில் விடப்பட்டு, பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு 1992 பிப்ரவரியில் வளிமண்டலத்துக்குள் வந்து அழிந்தது. அதைக் கீழே இழுத்து வந்தது காற்றுதான். காற்று இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் சுற்றுகிறது என்று படம் பார்த்துப் புரிந்துகொண்ட மாணவரால் இந்த மூன்று நிகழ்வுகளில் ஒன்றையும் விளக்க முடியாது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் இன்சாட், ஜிசாட் வகைச் செயற்கைக்கோள்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் படத்தில் அவற்றுக்கும் ஸ்டார்லிங்குக்கும் ஒரே பட்டை.

அந்தக் கடைசிப் பட்டைக்கு மேல் எல்லையாவது உண்டா என்றால் அதுவும் நழுவுகிறது. சோஹோ விண்கலத்தின் பழைய பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவுப்படி, பூமியைச் சூழ்ந்த ஹைட்ரஜன் படலம் 6,30,000 கி.மீ. வரை நீள்கிறது. நிலவே அதற்குள் அடங்கிவிடுகிறது. வெளியடுக்கில் இருக்கிறது என்பது அந்த அளவில் எதையும் குறிப்பிட்டுச் சொல்லாத வாக்கியம். அளவுப்படி வரைந்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். பத்து கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டராக வைத்துக்கொண்டால் பயணிகள் விமானம் தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே, விண்வெளி நிலையம் நாற்பது சென்டிமீட்டரில், இன்சாட் முப்பத்தாறு மீட்டரில். புத்தகத்தில் ஐந்தும் சம அகலப் பட்டைகள்.

படம் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விமானங்களுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் நடுவே எதுவும் நிலைத்துப் பறக்க முடியாத ஓர் அகன்ற வெளி இருக்கிறது. காற்றை உறிஞ்சிப் பறக்கும் விமானம் எட்டிய உச்சம், 1977-இல் சோவியத் விமானி அலெக்சாந்தர் ஃபெதோத்தோவ் ஒரு நொடிப் பாய்ச்சலில் தொட்ட 37.65 கி.மீ. அறிவியல் பலூனின் உச்சம், ஜப்பான் 2013-இல் அடைந்த 53.7 கி.மீ. செயற்கைக்கோள்களோ 150 கி.மீ.க்குக் கீழே ஒரு சில சுற்றுகளுக்கு மேல் தாங்கா. நடுவில் உள்ள நூறு கி.மீ.யில் இறக்கைக்குப் போதிய காற்று இல்லை, சுற்றுப்பாதைக்கு வேண்டியதைவிட அதிகக் காற்று இருக்கிறது. அங்கே போய் அளக்க ஆராய்ச்சி ஏவூர்தி ஒன்றுதான் கருவி. 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து முதல் ஏவூர்தி கிளம்பியது இந்த வெளியை ஆராயத்தான். விண்வெளியின் தொடக்கம் 100 கி.மீ.யா, அமெரிக்கர்கள் வைத்துக்கொண்ட 80 கி.மீ.யா என்று இன்றும் தீராமல் நடக்கும் வழக்கும் இந்த வெளியைப் பற்றியதே. 1967-இன் விண்வெளி உடன்படிக்கையும் அதற்கு எல்லை வகுக்கவில்லை. இடையடுக்கில் ஒரு விண்கல்லை மட்டும் வரைந்துவிட்டுப் போகும் படத்தில் இந்த வெறுமை தெரிவதே இல்லை.

பிழையின் வேர் எங்கே என்று கேட்டால் என் விடை இது. அடுக்குகளைப் பிரித்தது வெப்பநிலையை வைத்து. ஏறும்போது குளிர்கிறதா, சூடேறுகிறதா என்று பார்த்துக் கோடு போட்டார்கள். வானிலைக்கும் ஓசோனுக்கும் அது பொருத்தமான பிரிவு. விமானத்தையும் செயற்கைக்கோளையும் ஆள்வதோ காற்றின் அடர்த்தியும் அவற்றின் வேகமும். அடர்த்திக்குக் கூரையும் கிடையாது, பட்டையும் கிடையாது. காற்றழுத்தம் ஐந்தரை கி.மீ.க்கு ஒருமுறை ஏறக்குறைய பாதியாகிறது. 16 கி.மீ.யில் பத்தில் ஒன்று, சுமார் 30 கி.மீ.யில் நூறில் ஒன்று, 50 கி.மீ.யை நெருங்கும்போது ஆயிரத்தில் ஒன்று என்று சரிந்துகொண்டே போகிறது, எங்கும் முறிவதில்லை. செயற்கைக்கோள் விழாமல் இருப்பது ஈர்ப்பில்லாத இடத்துக்குப் போய்விட்டதால் அல்ல. 400 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு தரையில் இருப்பதில் சுமார் 89 விழுக்காடு. நொடிக்கு ஏழரை கி.மீ.க்கும் அதிகமான வேகம்தான் அதைச் சுற்ற வைக்கிறது, அந்த வேகத்தைத் தின்ன போதிய காற்று இல்லாமைதான் அதைக் காக்கிறது. வெப்பநிலைப் படத்தின் மேல் விமானத்தையும் செயற்கைக்கோளையும் ஒட்டியவர்கள், ஒன்றுக்கு வரைந்த கோட்டை வேறொன்றுக்கு விடையாகத் தந்துவிட்டார்கள்.

எளிமைப்படுத்தல் தவிர்க்க முடியாதது என்று படத்துக்காக வாதிடுவோர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அகலாங்கு, பருவம், சூரியச் சுழற்சி எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட முடியாது. ஆனால் எளிமைப்படுத்திய பிறகும் சொன்னது சொல்லப்பட்ட இடத்தில் உண்மையாக இருக்க வேண்டும். நம் பகுதியில் பயணிகள் விமானங்கள் கீழடுக்கின் மேற்பகுதியில் பறக்கின்றன, துருவங்களை ஒட்டிய நாடுகளில் மீள் அடுக்கின் அடிப்பகுதிக்குள்ளும் நுழைகின்றன. செயற்கைக்கோள்கள் வெப்ப அடுக்கிலும் அதற்கு மேலேயும் சுற்றுகின்றன, தாழச் சுற்றுபவற்றைக் காற்று மெல்லக் கீழே இழுக்கிறது. இவை பழைய வரிகளைவிடக் கடினமானவை அல்ல. எனவே என் தீர்ப்பு: வானிலைப் பாடத்துக்கு இந்தப் படம் இருக்கட்டும், நிலநடுக்கோட்டில் கூரை உயர்ந்தும் துருவத்தில் தாழ்ந்தும் ஒரு சாய்கோடாக அதை மாற்றி வரையட்டும். விமானத்தையும் செயற்கைக்கோளையும் அதிலிருந்து எடுத்துவிட்டு, அடர்த்தி எப்படிச் சரிகிறது என்று காட்டும் தனிப் படத்தில் வைக்க வேண்டும். ஜெட் விமானம் எந்த அடுக்கில் என்ற தேர்வுக் கேள்வி, எந்த ஊருக்கு மேலே என்று சேர்த்துக் கேட்காத வரை, நீக்கப்பட வேண்டியது.

புதிய படத்தில் இன்னொன்றும் இடம்பெற வேண்டும். செயற்கைக்கோளை உச்சியில் வரைந்து நிறுத்திவிடும் பழைய படத்தில் அது திரும்பி வரும் வழி இல்லை. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், அலாஸ்காவிலிருந்து கிளம்பி மீள் அடுக்கில் பறந்த நாசாவின் ஆராய்ச்சி விமானம் அங்கு மிதக்கும் கந்தக அமிலத் துகள்களை அளந்தது. அவற்றில் சற்றுப் பெரியவற்றில் பத்தில் ஒரு பங்கு, எரிந்து விழுந்த செயற்கைக்கோள்களிலிருந்தும் ஏவூர்திப் பாகங்களிலிருந்தும் வந்த அலுமினியத்தையும் பிற உலோகங்களையும் சுமந்திருந்தது. இப்போது திட்டமிட்டுள்ள எண்ணிக்கையில் செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டு அவை ஒவ்வொன்றாக விழத் தொடங்கினால், இந்தப் பங்கு பாதி வரை போகலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அது ஓசோனை என்ன செய்யும் என்பது இனி அளந்துதான் தெரிய வேண்டும். ஓசோன் இருப்பது அதே மீள் அடுக்கில்.